அந்தச் செடியை என்ன செய்வார்கள்?

"மிஸ், அப்புறம் அந்தச் செடிய என்ன பண்ணுவாங்க?"

இளங்கலை மூன்றாம் ஆண்டு வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை. கன உலோகங்களால் கெட்டுப்போன மண்ணைச் செடிகளைக் கொண்டு மீட்கும் முறையைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். வேர், தண்டு, இலை. கீழிருந்து மேலே போகும் அம்புக்குறிகள். மண்ணில் ஈயத்துக்காக நான் வைத்திருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்து, இலையில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். மண் சுத்தமாகிவிட்டது. எனக்கே ஒரு திருப்தி. அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. கேட்டவள் வாலாஜா பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவள்.

"அறுத்து, காயவச்சு, எரிச்சிடுவாங்க" என்றேன்.

"எரிச்ச சாம்பல?"

"பாதுகாப்பா ஒரு இடத்துல புதைப்பாங்க."

"எந்த ஊர்ல மிஸ்?"

வகுப்பு சிரித்தது. மணி அடித்தது. நான் தப்பித்தேன். ஆனால் பதினாறு வருடமாக நடத்திவந்த பாடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. பாடப்புத்தகத்தில் அத்தியாயம் 'மண் தூய்மையடைகிறது' என்பதோடு முடிந்துவிடும். அதன் பிறகு செடி எங்கே போனது என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டைக் கழுவித் துடைத்த பிறகு அந்தத் துணியை யார் அலசுகிறார்கள் என்று யாரும் பார்க்காதது போல.

இதில் ஒரு அடிப்படை விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க் கசிவையோ சாக்கடையையோ நுண்ணுயிர்கள் தின்று வேறொன்றாக மாற்றிவிட முடியும். உலோகம் அப்படியல்ல. அது தனிமம். ஈயத்தை எரித்தாலும் ஈயம்தான், புதைத்தாலும் ஈயம்தான். அதன் வேதி வடிவம் மாறலாம், நச்சுத்தன்மை கூடலாம் குறையலாம், ஆனால் அது இல்லாமல் போகாது. ஆகவே உலோகம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்வது என்று நாம் சொல்வதெல்லாம் இடம் மாற்றுவதுதான். இங்கிருந்து அங்கே. இவரிடமிருந்து அவருக்கு. இதை ஒப்புக்கொண்டால், கேள்வி வேதியியலைத் தாண்டிவிடுகிறது. யார் ஏந்திக்கொள்வது என்பதுதான் மிஞ்சுகிறது.

செடிகள் செய்வது வியப்பான காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2001இல் லேனா மா என்ற பெண் அறிவியலாளரின் குழு, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மரத்துக்கு மருந்தடித்து ஆர்சனிக் ஊறிப்போயிருந்த ஓர் இடத்தில், ஒரு பெரணி செழித்து வளர்ந்து நிற்பதைக் கண்டது. நம் ஊர்ப் பழைய சுவர்களிலும் கிணற்றின் உள்விளிம்பிலும் முளைக்கிற அதே வகைப் பெரணிதான். சோதனையில் அதன் இலைகள், உலர்ந்த எடையில் கிலோவுக்கு 22 கிராமுக்கும் மேல் ஆர்சனிக்கைச் சேர்த்துக்கொண்டன. நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்தப் பாலின் உலர் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிக்கல். இப்படிப்பட்டவற்றை ஹைப்பர் அக்யுமுலேட்டர் என்கிறார்கள். நம் தாளிப்பு டப்பாவில் இருக்கும் கடுகின் செடியும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும்.

ஆனால் இது எவ்வளவு மெதுவான வேலை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 1000 டன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மொத்தம் 100 கிலோ உலோகத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு அறுவடையில் 4 டன் உலர்ந்த செடி கிடைக்கிறது, அதில் கிலோவுக்கு 1 கிராம் உலோகம் இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு அறுவடைக்கு 4 கிலோ. அப்படியானால் 25 அறுவடை. 25 முறை நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டித் தூக்கி, காயவைத்து, எரிக்க வேண்டும். நம் ஊரில் நடவும் களையெடுப்பும் யார் வேலை, அதற்கு என்ன கூலி என்று இந்த நூலை வாசிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைத் தோண்டி அகற்றுவதைவிட இம்முறை மிகவும் மலிவானது என்று எல்லாக் கட்டுரைகளும் முதல் பத்தியிலேயே பாராட்டுகின்றன. மலிவு ஏன் என்றால், செடி கூலி கேட்பதில்லை. களை பறிப்பவள் கேட்டாலும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு ஆசை எழும். எனக்கும் எழுந்தது. செடியைப் பெண்ணாக்கிவிடலாம் என்ற ஆசை. நஞ்சை உண்டு நிலத்தைக் காக்கும் தாய். இந்த உவமைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்குகிற நிலத்தைக் காட்டித்தான் வள்ளுவரின் பொறையுடைமை அதிகாரமே தொடங்குகிறது. பூமாதேவி மாதிரிப் பொறுமையாக இரு என்று கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் யார்? சிவன் ஆலகாலத்தை உண்டபோது அது உள்ளே இறங்காமல் தொண்டையைப் பிடித்து நிறுத்தியது பார்வதியின் கை என்றுதான் கதை சொல்கிறார்கள். உண்டவருக்கு நீலகண்டன் என்ற பெயரும் மாதம் இரண்டு பிரதோஷமும் கிடைத்தன. பிடித்த கைக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டால் என் அம்மா கோபித்துக்கொள்வாள், விட்டுவிடுகிறேன்.

உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செடி அப்படி எதையும் செய்யவில்லை. அந்தப் பெரணி நமக்காக ஆர்சனிக்கைக் குடிக்கவில்லை. இலைகளில் உலோகத்தைச் சேர்த்துக்கொள்ளும் செடிகளைப் பூச்சிகள் கடிக்கத் தயங்குகின்றன. அது அவற்றின் தற்காப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது அது தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்கிறது. கடுகின் கதை வேறு. ஈயம் மண்ணோடு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், கடுகுச்செடி தானாக அதை அதிகம் எடுத்துக்கொள்ளாது. அதனால் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றி, ஈயத்தை நீரில் கரைய வைத்து, செடிக்குள் போக வைத்தார்கள். போனது. செடி வாடிச் செத்தது, செத்ததை அறுத்தார்கள். செடிக்குள் போகாத ஈயம் தண்ணீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரை நோக்கிப் போகிறது என்று பிறகு தெரிந்ததும் அந்த உற்சாகம் குறைந்தது. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் நான் வகுப்பைவிட்டு எழுந்து போய்விடுவேன்.

உள்ளே போகும் வழியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். காட்மியம் செடிக்கு எதற்கும் பயன்படாத உலோகம். வேரில் அதற்கென்று வாசல் கிடையாது. இரும்பையும் துத்தநாகத்தையும் உள்ளே கொண்டுவரும் புரதங்கள் இருக்கின்றன. மண்ணில் இரும்பு போதாதபோது வேர் அந்த வாசல்களை அதிகமாகத் திறக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் காட்மியமும் நுழைந்துவிடுகிறது. பசிக்குத் திறந்த கதவில் நஞ்சு வருகிறது. அவ்வளவுதான்.

நம் குடலிலும் இதேதான் நடக்கிறது. உடலில் இரும்புச்சத்து குறைந்தால், இரும்பை உறிஞ்சும் புரதத்தைக் குடல் அதிகமாக உருவாக்குகிறது. அதே புரதம் காட்மியத்தையும் உள்ளே விடுகிறது. ஆகவே ஒரே சட்டியில் சமைத்த ஒரே சோற்றைத் தின்றாலும், சோகையுள்ள பெண்ணின் உடலில் காட்மியம் கூடுதலாகச் சேரும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடிச்சட்டியில் இருப்பதை வழித்துத் தின்னும் பழக்கத்துக்கும் சுரங்கக் கழிவுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், இதுதான் தொடர்பு.

ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் ஜின்சு என்று ஒரு ஆறு. அதன் மேற்பகுதியில் கமியோகா சுரங்கம், ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். கழிவோடு காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் கீழே நெல் விளைந்தது. நெல் காட்மியத்தை நன்றாகவே எடுத்துக்கொள்ளும் பயிர். ஒரு விதத்தில் பார்த்தால் நான் கரும்பலகையில் வரைந்த படம் அங்கே பல பத்தாண்டுகள் இடைவிடாமல் நடந்துகொண்டிருந்தது. மண்ணிலிருந்து வேர், வேரிலிருந்து மணி. அறுவடையை எரிக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். சமைத்தார்கள்.

நோய்க்குப் பெயர் 'இதாய் இதாய்'. ஜப்பானிய மொழியில் 'வலிக்குது வலிக்குது' என்று பொருள். படுக்கையில் கிடந்தவர்கள் சொன்ன சொல்லே நோயின் பெயராகிவிட்டது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்க, எலும்புக்கு வேண்டிய தாதுக்கள் உடலில் தங்காமல் போயின. எலும்பு மெழுகு போல இளகியது. இருமினால் விலா எலும்பு முறிந்தது. ஆள் உயரம் குறைந்தது. அரசு நோயாளிகள் என்று ஏற்றுக்கொண்ட சுமார் 200 பேரில் ஆண்கள் ஒரு சிலர்தான். மற்ற எல்லோரும் பெண்கள். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள், பல பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கொடுத்தவர்கள், வயலிலும் வீட்டிலும் உழைத்தவர்கள். தொடக்கத்தில் இது சத்துக்குறைவு, அதிக வேலை, அதிகப் பிரசவம் என்றுதான் சொல்லப்பட்டது. எவ்வளவு பழகிய பேச்சு! பெண்ணின் உடலில் வந்த நோய்க்குக் காரணம் பெண்ணின் உடல். உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபோரு 1950களின் பிற்பகுதியில் சுரங்கத்தின் பக்கம் விரலைக் காட்டினார். 1968இல் அரசு அதை ஏற்றது, அதே ஆண்டு பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1972இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள்.

வென்ற பிறகு அவர்கள் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இழப்பீடு கேட்டார்கள், மண்ணைச் சீர்செய்யச் சொன்னார்கள். அவற்றோடு, சுரங்கத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிபுணர்களோடு வந்து பார்க்கும் உரிமையையும் அந்தச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கினார்கள். ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்கள். மண் சீரமைப்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நடந்து 2012இல்தான் முடிந்தது. அங்கே செய்தது, கெட்ட மேல்மண்ணைக் கீழே புதைத்து மேலே நல்ல மண்ணைப் பரப்பியது. காட்மியம் இன்னும் அங்கேதான் கீழே கிடக்கிறது. ஜப்பானில் வேறு வயல்களில், காட்மியத்தை அதிகம் உறிஞ்சும் நெல் இரகங்களையே நட்டு, அறுத்து, எரித்து மண்ணைத் தேற்றும் முயற்சியும் நடந்தது. அதே நெல். இம்முறை யாரும் சாப்பிடவில்லை.

உடல் ஏந்துவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் விழுங்கும், மூச்சில் இழுக்கும் ஈயத்தில் உடலில் தங்குவதன் பெரும்பகுதி எலும்பில் போய் உட்காருகிறது. பல பத்தாண்டுகள் அங்கே அசையாமல் இருக்கும். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் எலும்பு கரைந்து சுண்ணாம்பு வெளியே வரும்போது ஈயமும் சேர்ந்து வருகிறது. சிறுமியாக இருந்தபோது உள்ளே போனது, அவள் பிள்ளைக்குப் போகிறது. மினமாட்டாவில் இது பாதரசத்தில் நடந்தது. கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாகத் தாய்க்குள் போய், நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குள் சேர்ந்தது. தாய்க்கு லேசான அறிகுறிகள், பிறந்த குழந்தைக்குக் கடுமையான ஊனம். அப்படிப் பிறந்த ஒரு மூத்த மகளைக் குளிப்பாட்டும் தாயை யூஜின் ஸ்மித் 1971இல் எடுத்த புகைப்படம் உலகெங்கும் போனது. பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில் பிற்பாடு அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. அதனால் அந்த மகளின் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவளைக் குடும்பத்தார் 'செல்வக் குழந்தை' என்று அழைத்தார்கள். தாயின் உடம்பிலிருந்த நஞ்சையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் தாயும் பிழைத்தாள், பின்னால் பிறந்த குழந்தைகளும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. குழந்தையை நன்றியோடு நினைக்கும் அந்தத் தாயிடம் போய், நீ தியாகத்தைப் போற்றுகிறாய், இது பெண்ணியத்துக்கு ஆகாது என்று சொல்ல முடியுமா? முடியாது. அவளுக்கு அந்தச் சொல் வேண்டும். அதைக் கொண்டுதான் அவள் தினமும் மகளைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். ஆனால் அதே சொல்லைக் கழிவைக் கடலில் விட்ட நிறுவனம் சொன்னால்? அந்தக் குழந்தைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்று மேடையில் மாலை போட்டால்? சொல் ஒன்றுதான், சொல்லும் வாயைப் பொறுத்து அது அன்பாகவும் இருக்கும், அநியாயமாகவும் இருக்கும். ஏந்தியவரோடு சேர்ந்து பாரத்தைச் சுமந்தவருக்குத்தான் நன்றி சொல்லத் தகுதி உண்டு. இறக்கி வைத்தவன் நன்றி சொல்வது ரசீது கிழிப்பது போல. மகளிர் தினத்தன்று அலுவலகத்தில் ரோஜாப்பூ வாங்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வருகிறது.

அந்த மாணவிக்கு என்ன பதில் சொன்னேன்? அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமியத் தொழிற்சாலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல் திறந்தவெளியில் கிடந்து, மழைக்கு மஞ்சளாகக் கசிவதைப் பற்றி அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பாடம் வேறு, ஊர் வேறு இல்லை. "நம்ம ஊர்ல இதுமாதிரிச் செடி வைக்கலாமா மிஸ்?" குரோமியத்தைப் பெரும்பாலான செடிகள் இலைவரை ஏற்றுவதில்லை, வேரோடு நிறுத்திவிடும் என்றேன். வெட்டிவேர் அப்படித்தான். உலோகத்தை வேரில் வைத்துக்கொண்டு, மண் அரிக்காமல், தூசு பறக்காமல் பிடித்து நிறுத்தும், ஆனால் மேலே அதிகம் விடாது. "அப்ப அது சுத்தம் பண்ணாதா?" பண்ணாது. பரவாமல் தடுக்கும். "அதுவே பெரிசு மிஸ்" என்றாள்.

செடி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. தோண்டி லாரியில் ஏற்றி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதைவிட, ஏக்கர் கணக்கில் பரவிய நஞ்சைச் சில மூட்டைச் சாம்பலாகச் சுருக்குவது மேல். ஆனால் அந்தச் சாம்பலுக்குக் கும்மிடிப்பூண்டி மாதிரி ஓர் ஊர் வேண்டியிருக்கிறது, அந்த ஊரிலும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சோகை இருக்கிறது. குழாயை அடைக்காமல் செடியை நட்டுவிட்டுப் பசுமைப் பூங்கா என்று பலகை வைப்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. ஜின்சு ஆற்றங்கரைக்காரர்கள் சுரங்கத்தின் வாசலைத் திறந்து பார்க்கும் உரிமையை முதலில் வாங்கினார்கள். நம்மிடம் திட்டம் வரும்போது மரக்கன்றுதான் முதலில் வருகிறது, அதோடு ஒரு புகைப்படக்காரரும்.

அவள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு வெட்டிவேரையே எடுத்துக்கொண்டாள். ஊர்ப்பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்து பன்னிரண்டு தொட்டிகளில் வளர்த்தாள். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். மண்ணை மூட்டை கட்டிக் கொடுத்த அவள் அம்மா வெறுங்கையால்தான் அள்ளியிருக்கிறார். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நானும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினாள், இப்போது சென்னையில் முதுகலை படிக்கிறாள்.

தொட்டிகள் ஆய்வகத்தின் பின்வராந்தாவில் இருக்கின்றன. தொடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று கேட்டு நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் கொடுத்தாயிற்று. போன மாதம் துப்புரவு செய்யும் அக்கா வந்து நின்றார்.

"டீச்சர், பின்னால அந்தத் தொட்டியெல்லாம் காஞ்சுபோச்சு. வெளிய கொட்டிட்டுத் தொட்டியக் கழுவி வச்சிரட்டுமா?"

"வேண்டாம்க்கா, அதத் தொடாதீங்க" என்றேன்.

"அப்ப யார் எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து நின்றார்.